பக்கம் முப்பத்தெட்டு

வண்டியை விற்றுவிட்டார்கள்.
வாங்கியவன் எஸ்தோனிய மீன் வியாபாரி.
புத்தக அடுக்குகள் இருந்த இடத்தில்
பனிக்கட்டிப் பெட்டிகள், வாய்பிளந்த சால்மன்கள்.
'நகர நூலகம்' என்ற எழுத்துகளைச் சுரண்டியிருக்கிறான்;
வெயில் சாய்வாக விழும்போது
இன்னும் படிக்க முடிகிறது.

பத்தொன்பது வருடம் அதை ஓட்டினேன்,
கூசிலம்பியிலிருந்து ஏரியை ஒரு சுற்று.
போதும் என்று சொன்ன அறிக்கையில்
பக்கம் முப்பத்தெட்டின் அடியில் இரண்டு எழுத்து: மு. ஹ.
முட்டிண்டா ஹமூண்டு. சாம்பியாக்காரி.
செம்பு விலை ஏன் ஏறுகிறது, ஏன் விழுகிறது
என்று ஆராய்ந்து முனைவர் ஆனவள்.
பல்கலைக்கழக ஒப்பந்தம் இரண்டே ஆண்டு.
அது முடிந்ததும்
விடிகாலை மூன்று மணிக்குச் செய்தித்தாள் போட்டாள்,
என் கதவுத் துவாரத்திலும், நான்கு குளிர்காலம்.
அந்தத் தாளின் பதினோராம் பக்கத்தில்
செம்பு விலை இருக்கும்.
படிப்பாளா என்று நான் யோசித்ததில்லை.

பிறகு நகராட்சி நிதிப்பிரிவு.
முதலில் தற்காலிகம், அப்புறம் நிரந்தரம்.
வண்டி கையைக் கடிக்கிறது என்று
மற்றவர்கள்தான் பேசினார்கள்.
அவள் எழுதியது இவ்வளவுதான்:
ஒரு புத்தகத்தை ஒரு கையில் சேர்க்க
ஒன்பது யூரோ நாற்பது சென்ட்.
கூட்டிப் பார்த்தேன், வகுத்துப் பார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தது.
அதுதான் எரிச்சல்.

வேலையை விட்டாள், தேர்தலில் நிற்கிறாள் என்றார்கள்.
மார்ச்சில் என் கதவைத் தட்டினாள்.
காலணியில் உப்பும் சேறும், கையில் துண்டறிக்கை,
வேட்பாளர் எண் 136.
"அந்த வண்டியை ஓட்டினவன் நான்" என்றேன்.
உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

"எத்தனை நிறுத்தம்?"
"உன் அறிக்கையில்?"
"முப்பத்தொன்று."
"நாற்பத்துமூன்று."
மீதிப் பன்னிரண்டும் எந்தப் பட்டியலிலும் கிடையாது.
சமையலறை விளக்கு எரிந்தால் நிறுத்துவேன்.
மரஆலைத் திருப்பத்தில் லெம்பி என்றொருத்தி,
புத்தகமே எடுக்கமாட்டாள்.
ஏறுவாள், ஹீட்டர் பக்கம் பத்து நிமிடம் நிற்பாள்,
இறங்கிப் போவாள்.
அவளை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தன் முகம் அச்சிட்ட பக்கத்தைத்
தொடைமேல் கவிழ்த்து, பின்புறம் குறித்துக்கொண்டாள்.
எண்ணவில்லை, என்றாள்.
யாரும் எனக்குச் சொல்லவில்லை என்றிருக்கலாம்.
அப்படிச் சொல்லவில்லை.

சந்தைத் திடலில் எல்லாக் கட்சிக்கும் ஒரே பட்டாணிச் சூப்.
கரண்டி அவள் கையில்.
"உங்கள் ஊரில் தேர்தலெல்லாம் உண்டா?" என்றான் ஒருவன்.
"உண்டு. வரிசை இதைவிட நீளம்" என்று
அவன் கிண்ணத்தில் ஊற்றினாள்.

ஏப்ரலில், மறைப்புக்குப் பின்னால்,
வட்டத்துக்குள் பென்சிலால் ஒரு எண்.
என்ன எழுதினேன் என்று
மனைவி ஐலாவிடமும் சொல்லவில்லை.
அவளுக்கு விழுந்தது அறுபத்துநான்கு ஓட்டு.
ஏழு குறைவு. மாற்று உறுப்பினர் பட்டியலில் முதல் பெயர்.

நவம்பரில் ஹெய்மோ பனியில் சறுக்கி
இடுப்பை உடைத்துக்கொண்டார்.
அந்த நாற்காலியில், பட்ஜெட் இரவில், அவள்.
கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சின்ன வேன் ஒன்று போதும், என்று தொடங்கினாள்.
வேற்றுமை உருபுகள் இடம் மாறின,
'ஏரிக்கு' என்பதை 'ஏரியில்' என்றாள்;
வேன் ஒரு நொடி தண்ணீரில் மூழ்கியது.
யாரோ சிரித்தார்கள். யாரோ கேட்டார்கள்:
"பக்கம் முப்பத்தெட்டு உங்கள் கணக்குதானே?"
"என்னுடையதுதான். கூட்டல் சரி" என்றாள்,
அதற்குமேல் தாளைப் புரட்டிக்கொண்டே நின்றாள்.
இருபத்திரண்டுக்குப் பதின்மூன்று. தோற்றது.

புதன்கிழமை மீன் வண்டி வரிசையில்
எனக்கு முன்னால் நின்றாள். இரண்டு கெண்டை வாங்கினாள்.
வியாபாரியிடம் கேட்டாள்,
ஏரியைச் சுற்றி ஒரு நடை போவாயா என்று.
"எத்தனை வீட்டில் வாங்குவார்கள்?"
அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
"பதினொன்று" என்றேன். "லெம்பிக்கு மீன் ஆகாது."

"பன்னிரண்டு" என்றாள் அவனிடம்.